அகக்காழ்

தெஹிவளையில் எங்கள் வளவின் மேற்கு மூலையில் நின்ற பலாமரம் ஒரே நாளிற் பட்டுப்போய்விடவில்லை. 2022 ஆம் ஆண்டின் மழை ஓய்ந்தபின், கடற்பக்கம் நீண்டிருந்த கிளையொன்று தன் இலைகளை மஞ்சளாக்கி உதிர்த்தபோது, ரயில்பாதைக்கு அப்பாலிருந்து வீசும் உப்புக்காற்றின் வேலையாயிருக்கலாமென்று எண்ணி நாங்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. தைமாதத்தில் அதற்கு மேலிருந்த கிளை காய்ந்தது. சித்திரையில் உச்சிக்கொம்பு காய்ந்தது. ஆடி பிறந்தபோது அடிமரத்தின் பட்டையைக் கத்தியாற் கீறிப் பார்த்தேன். ஐம்பது வருஷங்களுக்கு மேலாகச் சிறு கீறலுக்கும் வெள்ளை வெளேரென்று வடிந்து விரல்களை ஒட்டவைத்த பால், அன்றைக்கு ஒரு துளியும் வரவில்லை. பக்கத்து வளவில் மாடிக்கட்டடம் எழுப்புவதற்கு அத்திவாரம் வெட்டியபோது பெருவேர்களிற் பாதி அறுபட்டிருக்கவேண்டும். அல்லது தேங்கிய மழைநீர் வேர்களை அழுகச் செய்திருக்கவேண்டும். எவ்வாறாயினும், என் தங்கை பிறந்த 1967 ஆம் ஆண்டில் அம்மா ஊன்றிய பலாக்கொட்டை, அம்மா காலமாகி நான்கு வருஷங்களில் தானும் போய்விட்டது.

கிளை கிளையாக அது காய்ந்துவந்த அந்த மாதங்கள் முழுவதும் சாந்தோக்கிய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயம் என் மனத்தைவிட்டு அகலவில்லை. உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஆத்ம தத்துவத்தைப் போதிக்கும்போது ஒரு பெருமரத்தையே திருஷ்டாந்தமாகக் காட்டுகின்றார்: ஜீவன் ஒரு கிளையை விட்டு நீங்கினால் அக்கிளை உலரும், இன்னொன்றை நீங்கினால் அதுவும் உலரும், முழுமரத்தையும் நீங்கினால் மரம் முழுவதும் உலரும், மரிப்பது ஜீவன் நீங்கிய அவ்வுடலேயன்றி ஜீவன் அன்று. இதனை ஓதுகின்றவர்கள் நீங்கிய ஜீவனின் பின்னே சென்றுவிடுகின்றார்கள்; அதுவே அந்த உபதேசத்தின் நோக்கமும் ஆகும். ஆனால் தினந்தோறும் காலையில் பின்வாசலைத் திறந்தவுடன் அந்த மரத்தின் முகத்தில் விழித்துக்கொண்டிருந்த எனக்கு, அவர்கள் விட்டுச்சென்ற மறுபாதியே வினாவாக எஞ்சிநின்றது. ஜீவன் போனபின்னும் முப்பதடி உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கின்ற இது என்ன? பிணமா, பொருளா? பிணமென்றால் தகனஞ் செய்யவேண்டும். பொருளென்றால் எடுத்து ஆளவேண்டும். இரண்டுமென்றால் எந்த முறையால், எந்த அதிகாரத்தால் அதிற் கை வைப்பது?

என் எண்ணம் முதலில் வேறாயிருந்தது. அடிமரம் ஐந்தரை அடி சுற்றளவு உள்ளது, வளைவில்லாதது; அதிலிருந்து பலகை எடுத்து, சுவாமி அறையில் விக்கிரகங்கள் எழுந்தருள ஒரு மாடம் செய்விக்கலாமென்று நினைத்தேன். தங்கை கேட்டவுடனே மறுத்துவிட்டாள்.

"அண்ணா, பட்ட மரத்தை வீட்டுக்குள்ளே எடுக்கிறேல்லை. அதுவும் ஒரு துடக்குத்தான். சுவாமிக்கோ? விறகுக்குக் குடுத்துவிடுங்கோ."

இத்தகைய சொல்லை மூடநம்பிக்கையென்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. நான் அவ்வாறு தள்ளத் துணியவில்லை. துடக்கு என்னும் சொல் எங்கள் மக்களிடையே மரணத்தின் ஸ்பரிசத்தை, அது விட்டுச்செல்லும் நிழலைக் குறிப்பது. அந்த நிழலை உணராத வீடு எதையும் நான் அறியேன். அன்றியும், தங்கை அறிந்தோ அறியாமலோ சொன்னதற்குப் பழைய சாஸ்திரப் பிரமாணமும் உண்டு.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில், விக்கிரகத்துக்கு மரந்தேடி வனம் புகுவதற்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்திருக்கின்றார். தெரிந்தெடுத்த மரத்துக்கு முதல்நாள் இரவில் பூசைசெய்து, அதனைக் கையால் தொட்டு, இன்ன தேவதையின் உருவத்துக்காக உன்னை வேண்டுகின்றோமென்று விண்ணப்பித்து, அதிற் குடியிருக்கும் பூதங்கள் பலியை ஏற்றுக்கொண்டு வேறிடம் போய்வாழுமாறும் தங்களைப் பொறுத்தருளுமாறும் இரந்து, விடிந்தபின் தேனும் நெய்யும் பூசிய கோடரியால் வடகிழக்குப் பக்கத்தில் முதல் வெட்டை வெட்டவேண்டும் என்பது அவர் விதி. அதே இடத்தில் அவர் விலக்கிய மரங்களின் வரிசையும் வருகின்றது: சுடுகாட்டில் நின்றது, புற்றருகே நின்றது, இடிவிழுந்தது, யானை முறித்தது, தானே வீழ்ந்தது, உலர்ந்தது. இவ்வரிசையில் ஒன்றைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். குடத்து நீர் ஊற்றி வளர்க்கப்பட்ட மரமும் ஆகாது என்கின்றார். கொட்டை முளைத்த முதலிரண்டு வருஷங்களிலும், தை மாசி வறட்சியில், கிணற்றடியிலிருந்து பித்தளைக் குடத்தை இடுப்பில் ஏந்திவந்து அம்மா நீர் ஊற்றியதை நான் கண்ணாற் கண்டிருக்கின்றேன். ஆகவே எங்கள் பலா இரண்டு வகையாலும் விலக்கப்பட்டது. அது உலர்ந்தது, குடத்து நீர் உண்டது.

உலர்ந்ததை ஏன் விலக்கினார்? அசுத்தமென்பதனால் என்று தங்கை சொல்வாள். பூரி ஜகந்நாதத்தை நினைக்கும்போது எனக்கு அது முழுவிடையாகத் தோன்றவில்லை. அங்கே நவகளேபரம் என்னும் வைபவத்தில், அண்மையில் 1996 இலும் 2015 இலும் நிகழ்ந்தவாறு, மூர்த்திகளின் பழைய மரவுடலை நீக்கி வேம்பினாற் புதியவுடல் செய்கின்றார்கள். வராகமிகிரர் எந்தச் சுடுகாட்டின் அண்மையையும் புற்றையும் குற்றமென்றாரோ, அவையே அங்கே தெய்வ மரத்துக்குரிய லட்சணங்களாகக் கொள்ளப்படுகின்றன. மரணத்தின் அயல் ஓரிடத்தில் தோஷமும் மற்றோரிடத்தில் அடையாளமுமாக இருப்பதனால், அசுத்தம் இவ்விலக்கின் வேர் அன்று. இரண்டு மரபுக்கும் பொதுவாயிருப்பது, கேட்கப்படுகின்ற மரம் உயிரோடிருக்கவேண்டும் என்பதே. தெய்வத்துக்கு உருவாகச் சம்மதிக்குமாறு ஒருவரை இரக்கின்றோம். இரப்பதற்கு அங்கே ஒருவர் இருக்கவேண்டும். பட்ட மரத்தின்முன் அந்த விண்ணப்பத்தைச் சொன்னால், அது ஆளில்லாத வீட்டின் படலையில் நின்று கூப்பிடுவதுபோலாகும். குடத்து நீரைக் குடித்த மரமோ ஏற்கெனவே ஒரு கைக்குக் கடமைப்பட்டது. காட்டு மரத்தைப்போல ஒருவருக்கும் உரியதல்லாத சுதந்திரம் அதற்கில்லை. சாஸ்திரம் இக்காரணங்களைச் சொல்லவில்லை. இவை என் ஊகம். ஆனால் இந்த ஊகம் பிறந்தபின் சுவாமிமாடம் செய்யும் எண்ணத்தை நான் கைவிட்டேன். விறகாக்கும் எண்ணத்தை ஏற்கவுமில்லை.

மரத்தை வெட்ட நமக்குள் முடிவுசெய்தால் மட்டும் போதாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பலாவும் ஈரப்பலாவும் பெண்பனையும் காக்கப்பட்டவை. சொந்த வளவில் நின்றாலும் அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தர் வந்து மரத்தைப் பார்த்துப்போனார். பசித்த காலத்திற் சோறாகிய மரத்துக்கு நாடு கொடுத்த மரியாதை அது. சிங்களமக்கள் பலாவைச் சோற்றுமரம் என்றே சொல்வார்கள். நாடெங்கும் பலாக்கன்று நடுவித்த பாணந்துறை ஆதர் வி. டயஸ் அவர்களைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று அன்போடு அழைத்தார்கள்.

அனுமதி கிடைத்தபின் ஒரு தடை எழுந்தது. மரம் அரியும் ஆலைக்காரர் வீட்டுமரம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். வளவில் நின்ற மரத்துக்குள் எத்தனை ஆணி கிடக்குமோ, வாள் போய்விடும் என்பது அவர் நியாயம். இறுதியில் மொறட்டுவையிலிருந்து ஒரு முதிய பாஸ் தம் மருமகனோடு வந்தார். தச்சுத்தொழிலையே உயிராகக்கொண்ட அந்த ஊரில் மூன்று தலைமுறையாக மரம் அரிந்த குடும்பம் அவருடையது. அவர் மரத்தைச் சுற்றிவந்து, கோடரியின் பின்புறத்தால் ஓரிடத்தில் தட்டினார், சற்று மேலே தட்டினார், காதைக் கிட்டக் கொண்டுபோய் மறுபடியும் தட்டினார். பின்னர் நெஞ்சுயரத்தில் பட்டை சிறிது புடைத்திருந்த ஓரிடத்தை விரலாற் காட்டி, இதற்குள்ளே இரும்பு இருக்கிறது என்றார்.

வீழ்த்திய மரத்தில் ஒன்பதடி நீளமான அடித்துண்டை, இருவர் இழுக்கும் நெடுவாளால் வளவிலேயே அரிந்தார்கள். வெளியே இரண்டு அங்குல அளவுக்கு இருந்த வெள்ளை முழுவதையும் உளுப்பூச்சி தின்று மாவாக்கிவிட்டிருந்தது. வாள் பட்டவுடன் அது புழுதியாகக் கொட்டியது. வெள்ளை முடிந்த கோட்டில் வாளின் ஓசையே மாறியது. அதற்குள்ளிருந்த வைரத்தை ஒரு பூச்சியும் தொடவில்லை. மஞ்சளை அரைத்துப் பூசியதுபோன்ற பொன்னிறம், ஈரப்பலகையின் மணம், காற்றும் வெளிச்சமும் படப்பட, மாலைக்குள்ளேயே சற்றுச் சிவந்துவிட்ட மேற்பரப்பு. பாஸ் காட்டிய இடத்தை உளியாற் பிளந்தபோது, பட்டையிலிருந்து நாலு அங்குல ஆழத்தில் ஓர் ஆணி கிடந்தது. அம்மா உடுப்பு உலர்த்தும் கொடிக்கயிறு கட்டிய ஆணி. மரம் உச்சியில் வளருமேயன்றி அடியில் உயராது. ஆகையால் நாற்பது வருஷங்களுக்குமுன் அவருடைய கை எட்டிய அதே உயரத்தில், மரம் பருத்துப் பருத்து அதனைத் தனக்குள் மூடிக்கொண்டு நின்றிருக்கின்றது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கலந்து, ஆணியைச் சுற்றி ஒரு ரூபாக்குற்றியளவில் கருநீல வளையமொன்று படிந்திருந்தது.

அந்த அரிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், பள்ளிக்கூடத்திற் படித்து மறந்துவிட்ட ஒரு தாவரசாஸ்திர உண்மை என் வினாவைத் தலைகீழாக மாற்றியது. மரத்தில் உயிரோடிருப்பது பட்டைக்கு உட்புறத்து மெல்லிய படலமும் அதனையடுத்த வெள்ளையுமே. வைரம், மரம் பச்சையாய்த் தழைத்துக் காய்த்து நிற்கும்போதே உயிரற்றது. அதன் உயிரணுக்கள் மடியுமுன் தம்மிற் சேர்த்துவைத்த சாறும் நிறமும் துவர்ப்புமே அதனைக் கறையானுக்கும் உளுவுக்கும் எட்டாத வைரமாக்கின. நேற்று உயிரோடிருந்த வெள்ளை இன்று மாவாய்ப்போயிற்று. முப்பது நாற்பது வருஷங்களுக்குமுன் மரித்த வைரம் வாளோடு போராடுகின்றது. நாங்கள் பட்டுப்போயிற்று என்று துக்கித்த 2023 ஆம் ஆண்டில் இந்தப் பலகைகளிற் புதிதாய் ஒன்றும் மரிக்கவில்லை. அம்மா அந்த மரத்தின்கீழ் நின்று பலாப்பிஞ்சு பறித்த காலத்திலேயே, தன் நடுவில் இறந்துபோனதைச் சுமந்து, அதனையே முதுகெலும்பாகக்கொண்டு, அது நின்றுகொண்டிருந்தது.

தொல்காப்பியர் மரபியலிலே வெளிப்புறத்தில் வைரமுள்ளவற்றைப் புல்லென்றும் உட்புறத்தில் வைரமுள்ளவற்றை மரமென்றும் வகுத்தார். புறக்காழ், அகக்காழ் என்பன அவர் ஆண்ட சொற்கள். அவ்வகையில் எங்கள் வேலியோரத்துத் தென்னை புல்லேயாகும். அது பட்டால் நடு உளுத்துப்போக, ஓரத்துச் சிராய் மட்டும் மிஞ்சும். மரத்துக்கு இலையையோ பூவையோ நிழலையோ இலக்கணமாகக் கூறாமல், உள்ளே வைரமிருப்பதையே இலக்கணமாகக் கூறிய அந்தப் பழம்புலவர், உயிர்நீங்கிய பகுதி நடுவே நிற்பதனாலேதான் மரம் மரமாகின்றது என்று சொன்னதாகவே அன்று எனக்குப் பொருள்பட்டது. மரங்களை ஓரறிவுயிரென்று உயிர்வரிசையிற் சேர்த்தவரும் அவரே.

அப்படியாயின் துடக்கு எங்கே இருக்கின்றது? மரணம் தீண்டியது விலக்கத்தக்கதென்றால், காய்த்துக் குலுங்கும் ஒவ்வொரு மரத்தின் நெஞ்சிலும் அது இருக்கின்றது. எங்கள் கோயில்களில் மூலஸ்தானத்து வாயிலுக்கு எதிரே முழங்குகின்ற தவிலின் கட்டை பலாமரம். அதன் இருபுறமும் தோல். சரஸ்வதி பூசையன்று பட்டுச்சாத்தி வைக்கின்ற வீணையின் குடமும் பலாவே. இவற்றை யாரும் தீட்டென்று சொல்வதில்லை. ஏனெனில் ஒரு கை அவற்றைக் கொத்தி இழைத்து, பேசக்கூடியவையாக மாற்றியிருக்கின்றது. துடக்கு மரித்த பொருளுக்குரியதன்று, மரணத்தின்முன் செயலற்று நிற்கின்ற உறவினருக்குரியது என்று நான் விளங்கிக்கொண்டேன். எங்கள் வழக்கத்திலும் துடக்குக் காப்பவர்கள் உயிரோடிருக்கும் நாங்களே. முப்பத்தோராம் நாள் அது கழிவதும் எங்களுக்கே.

இறந்ததைப் பேணுவதிலும் நம்முடைய முன்னோர் ஒருமனப்பட்டவர்களல்லர். பூரியிலே பழைய மூர்த்திகளைக் கோயிலி வைகுண்டத்தில் மண்ணுக்குள் இடுகின்றார்கள். காஞ்சியிலே அத்திமரத்து வரதர் அனந்தசரஸின் நீருக்கடியிற் சயனித்திருந்து, 1939 இலும் 1979 இலும் 2019 இலும் வெளிவந்து தரிசனம் கொடுத்தார். மதுரையிலே பட்டுப்போன கடம்பின் அடிமரத்தை ஆலயத்துக்குள் வைத்து இன்றும் வணங்குகின்றார்கள். கொழும்பிலோ, கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாலேயே எழுப்புவித்தார். என்றுமே வாழ்ந்திராத கல்லுக்குச் சாவும் இல்லை, இந்த வினாவும் இல்லை. புதைப்பதும் அமிழ்த்துவதும் வணங்குவதும் தெய்வத்தோடு சம்பந்தப்பட்ட மரத்துக்குப் பொருந்தும். எங்கள் பலா தெய்வமாயிருந்ததில்லை, அது வீட்டிலொருவராயிருந்தது.

அரிந்த மூன்றாம் நாள் எங்கள் ஒழுங்கைக்கு அப்பாலுள்ள விகாரையிலிருந்து ஓர் உபாசகர் வந்து, துண்டும் துணுக்கும் வேண்டுமென்று கேட்டார். பலாவைரத்தைச் சிறு சிராய்களாக்கி நீரிற் கொதிக்கவைத்து, அந்தச் சாயத்திற் பிக்குகளின் சீவரம் தோய்ப்பது பழைய முறை. வேர், மரம், பட்டை, இலை, பூ, காய் என்னும் ஆறிலிருந்தும் சாயம் எடுக்கலாமென்பது அவர்களின் ஒழுக்கவிதியாகிய விநயத்தில் வந்த அனுமதி. பச்சைமரத்தைப் பிக்குகள் வெட்டலாகாது. ஆளவியில் ஒரு பிக்கு மரமொன்றை வெட்டியபோது அதிற் குடியிருந்த தேவதையின் குழந்தைக்குக் காயம் நேர்ந்ததென்றும், அத்தேவதை புத்தபகவானிடம் வந்து முறையிட, அவர் அதற்கு வேறு மரம் காட்டி, பின்னர் அவ்விதியைச் செய்தாரென்றும் அவர்கள் சரித்திரம் சொல்லும். வராகமிகிரர் பச்சைமரத்தின் குடிகளிடம் மன்னிப்புக் கேட்டு வெட்டினார்; பகவானோ பச்சைமரத்தைவிட்டுக் கையை எடுக்கச் சொன்னார். சீவரத்தின் துணியும் ஆதியில் எங்கிருந்து வந்தது? மயானத்திலும் குப்பைமேட்டிலும் எறியப்பட்ட துணியை எடுத்து, கழுவி, தைத்து, சாயமிட்டு உடுத்துவதே பாம்சுகூலம். இன்றும் இந்நாட்டில் பௌத்தர்களின் மரணவீட்டில் பிக்குகளுக்கு வெள்ளைத்துணி சமர்ப்பிக்கும் கிரியை அப்பெயராலேயே வழங்குகின்றது. பிணத்தின் துணியை, பட்ட மரத்தின் சாறு மஞ்சளாக்க, உலகைத் துறந்த ஒருவர் அதனைப் போர்த்திக்கொள்கின்றார். இதைவிட நேரான விடையை என் சமயநூல்களிலும் நான் கண்டதில்லை.

உபாசகருக்கு நான் கொடுத்தது துணுக்குகள் மட்டுமன்று. தடியின் நடுமையம் பலகைக்கு உதவாது. காயும்போது அங்கிருந்தே வெடிக்கும் என்று பாஸ் அதனை நீளவாக்கில் ஒரு சட்டமாக அரிந்து ஒதுக்கிவைத்திருந்தார். எங்கள் மரங்களில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. எனினும் அந்த நடுமையம், கன்றாயிருந்த காலத்து மரமென்பதிற் சந்தேகமில்லை. அம்மாவின் குடத்து நீரை உண்டு வளர்ந்த பகுதி அதுவே. அதனை என் கையாலே சிறு சிராய்களாக வெட்டிச் சாக்கில் நிரப்பிக் கொடுத்தேன்.

மிஞ்சியவை பதினொரு பலகைகள். நுனிகள் வெடியாதிருக்கப் பழைய வர்ணத்தைப் பூசி, சீமெந்துக் கற்களின்மேல், ஒன்றரையடிக்கு ஒரு குச்சி இடையிட்டுக் காற்றோட்டமாகத் தாழ்வாரத்தில் அடுக்கினோம். ஓரங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் பொறுக்கவேண்டுமென்பது தொழிலாளர் கணக்கு. கடலருகு ஆகையால் இன்னும் சில மாதங்களும் சேர்த்துப் பொறுத்தோம். அந்தக் காலமெல்லாம் தங்கை அவ்வடுக்கின் பக்கமாகப் போகும்போது சேலைத்தலைப்பை ஒதுக்கிக்கொண்டே போனாள். நான் வாதாடவில்லை. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமைச் சட்டத்தில் எங்களவர்கள் சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்திருக்கின்றார்கள். இந்தப் பலகை நான் தேடியதுமன்று, எவரும் தந்ததுமன்று. பெற்றவர் போனபின் பிள்ளைகள்மேல் வந்து பொறுப்பது. முதுசொத்தைப் பாழாகவிடுகின்றவனை எங்கள் ஊரில் நல்லவனென்று சொல்லமாட்டார்கள்.

சென்ற ஆவணியில் பாஸ் மறுபடியும் வந்து, தாழ்வாரத்துக்கு ஒரு நீளவாங்கு செய்தார். அம்மா பின்னேரங்களில் உட்கார்ந்து, போவோர் வருவோரோடு கதைத்த இடத்திலே அது கிடக்கின்றது. வேலை முடியும் தறுவாயில், இழைப்புளிச் சுருள்களுக்கு நடுவே ஒன்றரையடித் துண்டொன்று எஞ்சியிருந்தது. அடுக்களையிலிருந்து வந்த தங்கை அதைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தாள். பழைய தேங்காய்த் திருவலையின் பலகை உளுத்துப்போயிற்று, இதிலே ஒன்று செய்துதரலாமோ என்று பாஸிடம் சிங்களத்திற் கேட்டாள். துண்டின் ஒரு மூலையில் ஆணியின் கருவளையம் பாதி விழுந்திருந்தது. அந்தப் பக்கத்தை அரிந்து எடுத்துவிடட்டுமா என்று அவர் கேட்டார்.

"வேண்டாம், அது கிடக்கட்டும்" என்றாள்.